செங்கமாரியின் மூலத்தைக் காட்டும் குழாய்

சுருவிலிலோ வேலணையிலோ ஒருவருடைய கண்கள் மஞ்சளித்துவிட்டால், "செங்கமாரி" என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி தேடிப் புறப்படுவது நம் தீவகத்தார் வழக்கம். ஆனால் செங்கமாரி தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ஈரல் அழற்சியால் வருவது ஒரு வகை. பித்தநீர் செல்லும் பாதை அடைபடுவதால் வருவது மற்றொரு வகை. இந்த அடைப்பை எந்தப் பச்சிலையும் திறந்துவிடாது.

ஈரலிலே சுரக்கும் பித்தநீர், பித்தக்கான் வழியாக முன்சிறுகுடலை அடைகின்றது. கணையம் என்றும் வழங்கும் சதையியின் சாறும் பெரும்பாலும் அதே வாயிலால் வந்து சேர்கின்றது. அவ்வாயில் சிறு மொட்டுப் போன்ற ஒரு மேடு. அங்கே கல் சிக்கினாலும், சதையியின் தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தக்கானை நெருக்கினாலும், பித்தம் இரத்தத்திற் கலக்கும். சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடல் அரிக்கும்.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த காலத்தில், வயிற்றைக் கீறாமல் இப்பாதையைக் காண வழியிருக்கவில்லை. அவ்வழி பிறந்த கதை சுவையானது. மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் உருவத்தைக் கடத்தலாம் என்று, பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஆங்கிலேயரான ஹரோல்ட் ஹொப்கின்சும் 1954இல் காட்டினர். 1957இல் அமெரிக்காவிலே பசில் ஹிர்ஷோவிட்ஸ் அவ்விழைகளைக் கொண்டு இரைப்பையை நோக்கும் வளைகுழாயை அறிமுகஞ் செய்தார். 1968இல் வாஷிங்டனில் மருத்துவர் மக்கியூன் குழுவினர் அத்தகைய குழாயை முன்சிறுகுடல்வரை செலுத்தி, அச்சிறு வாயிலினுள் மருந்துநீரைப் பாய்ச்சி ஊடுகதிர்ப் படம் பிடித்தனர். 1974இல் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் வாயிலைச் சிறிது வெட்டிக் கல்லை அகற்றும் முறை வெளிவந்தது. நோயைக் காட்டிய கருவியே நோயைத் தீர்க்கும் கருவியுமாயிற்று.

இதுவே இ.ஆர்.சி.பி. எனப்படுவது. ஆயினும் இதனால் நூற்றுக்குச் சிலருக்குச் சதையி அழன்று கடும் வலி உண்டாவதுண்டு. ஆகையால் இன்று வெறும் படத்துக்காக இதனைச் செய்வது அரிது. முதலில் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் செய்வர். ஐயம் தீராவிடின், காந்தத்தின் துணையால் பித்தக்கானைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. உண்டு. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய உள்நோக்குக் குழாயும் உண்டு. அது இரைப்பைக்குள் இருந்தவாறே, சுவருக்கு அப்பாலுள்ள சதையியை மிக அண்மையிற் காட்டும். சிறு கட்டியையும் கண்டுபிடித்து, ஊசியால் அதன் துணுக்கை எடுத்துத் தரும். அடைப்பு இன்னதெனத் தெளிந்த பின்னரே, அதனை நீக்குதற்கு இ.ஆர்.சி.பி.யை நாடுவர்.

இத்தனை கருவிகள் இருந்தும், நோயாளி காலந்தாழ்த்தி வந்தால் பயன் குறைவு. மஞ்சளோடு வயிற்றுவலியும் நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்தால், அடைபட்ட கானிலே கிருமி பெருகியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலை செல்ல வேண்டும். வலியேயின்றி மஞ்சள் ஏறி உடல் மெலியும் முதியவரையும் அலட்சியஞ் செய்தலாகாது. அது சதையிப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல நெடுநேரம் வேண்டாம். பச்சிலையை நம்பிக் காத்திருக்கும் வாரங்களோ மீண்டு வாரா.