மவும் நியும் போகும் வழி

திருகோணமலைப் பாலையூற்றில் பறங்கியர் குடும்பங்கள் உண்டு. போர்த்துக்கீசக் கிரியோல் அவர்களின் பாட்டன் பூட்டன் மொழி. கல்யாண வீட்டில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை தொடங்கினால் வயலின் மெட்டைப் பிடிக்கும், கிட்டார் கோர்ட்ஸ் போடும், மேளம் ஆறெட்டுத் தாளத்தில் ஆட்களைக் கிளப்பிவிடும். இலங்கையின் துள்ளல் பாட்டான பைலாவுக்குத் தாய்வீடு இந்தக் கப்ரிஞ்ஞாதான். ஏ.ஈ. மனோகரன் தமிழ்நாடு வரை கொண்டுபோன 'சுராங்கனி'யும் அந்த வம்சமே.

கிட்டார்காரர் பெரும்பாலும் இரண்டு மூன்று கோர்ட்ஸுக்குள்ளேயே சுற்றுவார். அதனால் இதைச் சில்லறை இசை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவசரத் தீர்ப்பு.

சி மேஜரில் ஸ, க, ப சேர்ந்தது வீட்டுக் கோர்ட். ப, நி, ரி, ம சேர்ந்தது ஜி செவன். ஜி செவனை மீட்டிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், காது விடாது. நி மேல் ஸவுக்கு ஏறத் துடிக்கும். ம கவுக்கு இறங்கத் துடிக்கும். இரண்டுக்கும் அரைச்சுருதி தூரம்தான். சங்கராபரணம் பாடுகிறவருக்கு இந்தத் துடிப்பு பழக்கமானது.

ஜாஸ் இந்த இழுப்பைச் சங்கிலியாகக் கோக்கிறது. உதாரணத்துக்கு, ஜோசப் கோஸ்மா 1945இல் மெட்டமைத்த பிரெஞ்சுப் பாட்டு, பின்னர் 'ஆட்டம் லீவ்ஸ்' ஆனது. ஜாஸ் கலைஞர்கள் மெட்டை ஒருதரம் வாசித்துவிட்டு, அதன் 32 பார் கோர்ட்ஸ் வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் ஆளுக்கொரு முறை கற்பனையாக வாசிப்பார்கள். அதன் தொடக்கத்தை ஸ்வரத்தில் சொன்னால்: ரி-ம-த-ஸ, ப-நி-ரி-ம, ஸ-க-ப-நி. முதல் மாற்றத்தில் ம அசையாது, ஸ நிக்கு இறங்கும். அடுத்ததில் நி அசையாது, ம கவுக்கு இறங்கும். வாசிப்பவர் இந்த இறக்கங்களைச் சரியான தட்டில் தொட்டுவிட்டால், பக்கத்தில் பியானோ இல்லாமலே கோர்ட் மாறியது கேட்பவருக்குத் தெரியும். நடுவில் எத்தனை கோணல் ஸ்வரம் போட்டாலும் மன்னிப்பு உண்டு.

பைலாவைப்போல் கோர்ட்ஸ் குறைந்தால் கற்பனை வேறு பக்கம் போகும். ஆறு தட்டை மூன்று மூன்றாகவும் பிரிக்கலாம், இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். பைலாவின் துள்ளல் அந்தத் தகராறில் பிறப்பது. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்டியன் போன்றோரால் பெயர்பெற்ற வாதப் பைலாவிலோ மெட்டு அப்படியே நிற்கும், பாடகர்கள் சொல்லை மேடையிலேயே கட்டி மோதுவார்கள்.

பைலா பழகிய கைக்கு ஜாஸ் தூரமில்லை. ஜி செவனுக்கு முன்னால் ஒரு டி மைனர் செவனைச் செருகினால் அந்த ரி-ம-த-ஸ வந்துவிடும். மேளக்காரர் கவனிக்கக்கூட மாட்டார்.