கோவில்பட்டி காலண்டர் ஓவியங்கள்

கோவில்பட்டி காலண்டர் ஓவியங்கள் என்பவை, தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் வரையப்பட்டு, அருகிலுள்ள சிவகாசியில் பல வண்ணங்களில் அச்சாகி, 20ஆம் நூற்றாண்டில் தமிழர் வீடுகளுக்குச் சென்ற தெய்வப் படங்கள் ஆகும். இம்மரபின் முதன்மை ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976). டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் ஆகியோர் அவருடைய மாணவர்கள்.

சென்னையில் ஓவியம் பயின்ற கொண்டையராஜு, நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதியவர். அதன் தடம் அவர் படங்களில் தெளிவாகத் தெரியும். தெய்வம் முன்னால் பார்வையாளரை நோக்கி நிற்கும். பின்னால் தூண்களும் தோட்டமும் மலையும் மேடைக் காட்சி போல விரியும்.

ஜப்பானின் 'உக்கியோ-எ' மர அச்சு ஓவியங்களுக்கும் நாடகத்தோடு இத்தகைய உறவு உண்டு. கபுகி நடிகர்கள், தேநீர் விடுதிகள், வழிப்போக்கர்கள் என அன்றாட வாழ்வே அவற்றின் பொருள். ஒரு படம் உருவாக ஓவியர், மரம் செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நால்வர் தேவை. வண்ணத்துக்கு ஒரு பலகை வீதம் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றும் விலகாமல் ஒற்றி எடுப்பர். 1765 அளவில் சுசுகி ஹருநொபு காலத்தில் இந்தப் பலவண்ண முறை பரவியது.

சிவகாசியின் பழைய கல்லச்சிலும் இதே கணக்குதான். மரப்பலகைக்குப் பதில் சுண்ணாம்புக்கல். கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து நீரால் நனைத்தால், அச்சுமை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். வண்ணங்களைப் பிரித்துக் கல்லில் வரைவது ஓவியரின் வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் படத்தின் மூலையில் ஓவியர் கையொப்பம் இருக்கும். கல்லில் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பின்னர் வந்த ஆப்செட் முறையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் போதுமாயின.

'உக்கியோ' என்றால் மிதக்கும் உலகம், நிலையாமை என்று பொருள். இங்கே நிலையாதது தேதித் தாள் மட்டுமே. கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டர், ஓவியம் வாங்க வசதியில்லாத கரிசல்காட்டு மானாவாரி விவசாயி வீட்டுச் சுவருக்கும் வந்தது. ஆண்டு முடிந்ததும் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்துக் கும்பிட்டனர். கத்தரிக்கும்போது கடையின் பெயரும் ஆண்டும் இருந்த அடிப்பகுதி போய்விடும். பூஜை அறைகளில் எஞ்சியுள்ள பல படங்களுக்குக் காலம் கணிப்பது இதனால் கடினமாகிறது.