சேற்றின் ஞாபகம்
காலுக்குக் கீழே – 9

பெரியகல்லாற்றில் எங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. கடற்பக்கம் மணல். அதில் வீடு கட்டியவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. வாவிப் பக்கம் களி. அங்கே மாமா ஒருவர் தாழ்ந்த வளவைக் கிறவல் கொட்டி மேடாக்கி, மறுமாதமே மதிலும் எழுப்பினார். இரண்டு மாரி கழிந்ததும் மதிலின் நடுப்பகுதி தாழ்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. "மேசன் சரியில்ல மனே" என்றார். மேசன் பாவம். ஒரு மீற்றர் உயரக் கிறவல், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு தொன். அந்தப் பாரத்தைக் களி அதுவரை சுமந்ததே இல்லை.

போன வாரம் இரும்பைப் பார்த்தோம். வளைத்தால் வளைந்தபடி நிற்கும், ஆனால் கனவளவு மாறாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அமுக்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கணக்கைக் களிக்குப் போட்டால் பிழைக்கும். பாணின் நடுச்சதையைக் கைக்குள் பொத்திப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரேமாதிரித்தான் அமுக்குகிறோம். கையை விரித்தாலும் அது சிறுத்தே கிடக்கும். களியும் அந்த இனம்தான். பாணிலிருந்து காற்றுப் போகிறது, களியிலிருந்து தண்ணீர்.

இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தவர்கள் கேம்பிரிட்ஜின் ரோஸ்கோவும் ஸ்கோஃபீல்டும் ரோத்தும். தங்கள் ஊர் ஆற்றின் பெயரால் அதைக் 'கேம் களி' என்றார்கள். 1968இல் ரோஸ்கோவும் பேர்லண்டும் திருத்திய வடிவம்தான் இன்று கணினிகளில் அதிகம் ஓடுகிறது. கிடை அச்சில் அமுக்கத்தையும் நிலைக்குத்து அச்சில் சறுக்கும் விசையையும் வைத்து ஒரு நீள்வட்டம் வரைகிறார்கள். பாரம் அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை களி கொஞ்சம் அமிழ்ந்து, பாரத்தை எடுத்ததும் ஏறக்குறையப் பழையபடி எழும்பும். கோட்டைத் தொட்டு மேலும் அமுக்கினால் சுருக்கம் நிரந்தரம். அப்போது வட்டமும் பெருக்கும். அதாவது, தான் சுமந்த ஆகப் பெரிய பாரத்தைக் களி மறப்பதில்லை. வட்டத்தின் அளவு அந்த ஞாபகத்தின் அளவு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எண்ணம் இதுதான்.

அப்படியென்றால் ஞாபகத்தை நாமே முன்கூட்டி ஊட்டலாம் அல்லவா? 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் சேற்று நிலங்கள் சிலவற்றில் அதைத்தான் செய்தார்கள். தேவைக்கு மேலாக மண்ணைக் குவித்து, மாதக்கணக்கில் விட்டு, பிறகு மிகுதியை அள்ளினார்கள். அதன்பின் பாதையின் பாரம் வட்டத்துக்குள்ளேயே அடங்கியது.

பொறுமை மட்டும் வேண்டும். களியின் நுண்துளைகளால் தண்ணீர் மெல்லத்தான் கசியும். பொறியியலாளர் டெர்சாகி 1920களில் காட்டியபடி, களிப்படை இரண்டு மடங்கு தடித்தால் காலம் நான்கு மடங்கு.

மாமா இப்போது குசினி கட்டப் போகிறார். குசினியின் பாரத்தைவிடக் கூடுதலாக அந்த இடத்தில் கிறவலைக் குவிக்கச் சொன்னேன். அடியில் ஒரு தகடு, தகட்டில் நட்ட கம்பி, கம்பியில் சிவப்பு வர்ணக் கோடு. மணற்பக்கத்துக் கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணிக் குழாய் பிடித்து, அந்தக் கோடு எவ்வளவு தாழ்ந்தது என்று வெள்ளிக்கிழமை தோறும் அளக்கிறோம்.

"இப்ப நிண்டுட்டா மனே?"

"இன்னும் இல்ல மாமா. இந்தக் கிழமை இரண்டு மில்லிமீற்றர்."

(அடுத்த வாரம்: மணல்)