லாரி நின்றால்தான் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் நெடுந்தூர ட்ரக் ஓட்டுபவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரண்டு, மூன்று வாரம் ஆகிவிடும். வந்தாலும் சில நாள்தான், அடுத்த லோடு கூப்பிட்டுவிடும். மைலுக்கு இவ்வளவு என்று சம்பளம் என்பதால், வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். அப்பாவை செல்போன் திரையில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளை என்ன செய்வது? சில குடும்பங்கள் துணிந்து பிள்ளைகளையும் பாடப் புத்தகங்களையும் ட்ரக்கிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன.

கேள்விப்படுகிற எவரும் முதலில் படிப்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். சட்டப்படி பார்த்தால் படிப்புதான் இதில் சுலபமான பகுதி. ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்துவது, அங்கே 50 மாநிலங்களிலும் செல்லும். ஒருகாலத்தில் மதப்பற்று மிகுந்த குடும்பங்களின் வழக்கமாகப் பார்க்கப்பட்டது, கொரோனா காலத்தில் பரவலாகிவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 2020 வசந்த காலத்தில் 5.4 சதவீதமும், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமும் ஹோம்ஸ்கூலிங் செய்வதாகச் சொன்னதாக அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பதிவு செய்தது.

ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வண்டி இன்றைக்கு ஒஹாயோவில், நாளைக்கு நெப்ராஸ்காவில் நிற்கலாம். பிள்ளையின் படிப்புக்குப் பொதுவாக, குடும்பம் எந்த மாநிலத்தை நிரந்தர முகவரியாக வைத்திருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். டெக்சாஸ் முகவரி என்றால் கெடுபிடி குறைவு. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகியவற்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994-லேயே ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளிக்குச் சமமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பென்சில்வேனியா முகவரி என்றால் கதையே வேறு. ஆண்டுக்கு 180 நாள் பாடம் நடந்திருக்க வேண்டும், இல்லையேல் தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம், மேல் வகுப்புகளுக்கு 990 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளை எழுதியதையெல்லாம் கோப்பாகச் சேர்த்து, தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் ஆண்டுதோறும் காட்டவும் வேண்டும். சாலையே வாழ்க்கை என்று முடிவெடுத்தவர்கள் முகவரியை யோசித்துத் தேர்ந்தெடுப்பதற்கு வரி மட்டும் காரணமில்லை.

உண்மையான முடிச்சு இருக்கையில் விழுகிறது. சரக்கு ட்ரக்கின் கேபினில் வழக்கமாக இரண்டே இருக்கைகள். பின்னால் 'ஸ்லீப்பர்' எனப்படும் படுக்கையறை. மத்திய அரசு விதி கேட்கும் குறைந்தபட்சப் படுக்கை அளவு 75 அங்குல நீளம், 24 அங்குல அகலம். நடப்பிலுள்ள ஸ்லீப்பர்கள் இதைவிடத் தாராளமானவை, இரண்டடுக்குக் கட்டிலும் சிறு குளிர்பெட்டியும் இருக்கும். என்றாலும் அது படுக்கத்தான், உட்கார்ந்து பயணிக்க அல்ல. வண்டி சடாரென்று நின்றால் படுத்திருப்பவர் தூக்கியெறியப்படாமல் தடுக்கும் வலையோ பட்டையோ இருக்கும். குழந்தைக்கான கார் சீட்டை முறையாகப் பொருத்தப் பல கேபின்களில் வழியே கிடையாது. பணம் உள்ளவர்கள் சாப்பாட்டு மேசை, கழிப்பறை, பெல்ட் போட்ட கூடுதல் இருக்கைகளோடு தனியாகச் செய்த பெரிய ஸ்லீப்பரைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மேல் இருந்தால் இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அனுமதித் தாளும் வேண்டும். நிறுவனம் எழுத்தில் அனுமதி தராமல் ட்ரக்கில் யாரையும் ஏற்றக் கூடாது. பயணியின் பெயர், எங்கே ஏறி எங்கே இறங்குவார், அனுமதி என்றைக்குக் காலாவதி ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்ற மகளாக இருந்தாலும் இதே விதிதான். குறைந்தபட்ச வயதையும் காப்பீட்டையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த வாழ்க்கை சொந்த வண்டிக்காரர்களுக்கு ஓரளவு எளிதாகவும், சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்குக் கடினமாகவும் அமைகிறது.

இனி நேரம். ஓட்டுநர் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு, அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியதும் அரை மணி இடைவேளை கட்டாயம். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளில் இதை மின்னணுக் கருவி பதிவு செய்கிறது, ஏமாற்றுவது கடினம். ஓடும் வண்டியில் வாய்ப்பாடு ஒப்பிக்கலாம், கதை வாசித்துக் காட்டலாம். எழுதத் தொடங்கினால் குலுக்கலில் எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல் ஆகிவிடும். எழுத்து வேலை, பரிசோதனை, பரீட்சை எல்லாம் வண்டி நிற்கும் அந்த 10 மணி நேரத்தில்தான். அப்பா தூங்கியாக வேண்டியதும் அதே 10 மணி நேரம்! வகுப்பறையும் படுக்கையறையும் ஒன்றே. ஆகவே ட்ரக் ஸ்டாப் உணவகத்தின் மூலை மேசையோ முன்னிருக்கையோதான் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஓட்டாத பெற்றோர். கணவன் மனைவி இருவரும் உரிமம் வைத்து மாறி மாறி ஓட்டினால் வண்டி நிற்காமல் ஓடும், காசும் கூடும். பாடம் நடத்தத்தான் விழித்திருக்கும் ஆள் இருக்காது. கிடங்கில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரம் ஓட்டுநருக்கு நஷ்டம், பிள்ளைக்கு அமைதியான பாடவேளை. பல கிடங்குகளில் பிள்ளைகள் வண்டியைவிட்டுக் கீழே இறங்கவே கூடாது.

சாலை சொல்லிக்கொடுப்பதும் நிஜம்தான். ஐ-80 நெடுஞ்சாலையில் அயோவா மாநிலத்தின் வால்காட் ஊருக்கருகே 'அயோவா 80' என்ற பெரிய ட்ரக் ஸ்டாப் இருக்கிறது. அது 284-ஆம் எண் வெளிவழி. அங்கே மைல் கற்கள் மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து எண்ணப்படுகின்றன, வெளிவழி எண்ணும் அதையே பின்பற்றுகிறது. அயோவாவில் அந்தச் சாலையின் நீளம் சுமார் 306 மைல். மிசிசிப்பி ஆறு இன்னும் எவ்வளவு தூரம் என்று எட்டு வயதுப் பிள்ளை கழித்துச் சொல்லிவிடலாம். பக்கத்திலேயே ட்ரக் அருங்காட்சியகமும் உண்டு. இன்னும் மேற்கே வயோமிங்கின் ஷெர்மன் உச்சியில் அதே சாலை 8,640 அடி உயரம் ஏறுகிறது. மாநிலவாரியாக ஓடிய மைலையும் போட்ட டீசலையும் பிரித்து வரி கட்டும் கணக்கு, ஆறாம் வகுப்புக்குத் தாராளமாகப் போதும்.

இத்தனைக்கும் பிறகு, ஓரிடத்தில் நிலைத்த தோழர்கள் கிடைப்பதில்லை. குழந்தை மருத்துவரும் நூலக அட்டையும் முகவரி ஊரிலேயே இருந்துவிடும். கோடையில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிடலாம் என்றால் கலிபோர்னியாவில் 5 நிமிடத்துக்கு மேல் கூடாது, தனி மின்னாக்கி வாங்க வேண்டும். இரவில் நிறுத்த இடம் கிடைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. 2009-இல் தென் கரோலினாவில், கைவிடப்பட்ட பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருந்த ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் போராட்டத்தால் 2012-இல் பாதுகாப்பான நிறுத்துமிடங்களுக்காக அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. இடப் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் பொழுது சாயும் முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அன்றைய மைல் கூலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

பத்து வயதுக்குள் பாதி நாட்டைப் பார்த்துவிட்ட அந்தப் பிள்ளை பின்னாளில் அப்பாவின் தொழிலுக்கே வர நினைத்தால், 18 வயதில் சொந்த மாநிலத்துக்குள் ஓட்ட உரிமம் கிடைக்கும். மாநில எல்லையைத் தாண்டிச் சரக்கு ஏற்றிப் போகப் பொதுவாக 21 வயது ஆக வேண்டும்.