சிறைக்கூடத்துக்குச் சென்ற தையற்பெண்

கைதிகளிடையே தொண்டாற்றிய கிறிஸ்தவ மாதர் என்றதும் எலிசபெத் பிறை அம்மையாரின் பெயரே பலருக்கு நினைவில் வரும். 1813ஆம் ஆண்டிலே இலண்டன் நியூகேற் சிறைக்குட் புகுந்து, குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த பெண்களைக் கண்டு மனங் கலங்கி, 1817இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தையே நிறுவியவர் அவர். ஆனால் அவர் செல்வக் குடியிற் பிறந்தவர். செல்வாக்குடையோர்க்குச் சிறைக்கதவு திறப்பது பெரிய காரியமன்று. யாம் ஈண்டுக் கூற விரும்புவது, கூலிக்குத் துணி தைத்து வாழ்ந்த ஒரு பெண்ணின் வரலாறு.

சாரா மாட்டின் 1791இல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே, கிரேற் யாமத் துறைமுகத்தை அடுத்த கேஸ்ரர் என்னுங் கிராமத்திற் பிறந்தார். இளமையிலே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டார். யாமத் நகருக்கு நடந்து சென்று வீடு வீடாகத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். வழியிலே சிறைக்கூடம். உள்ளே இருப்போருக்கு வேதாகமத்தை வாசித்துக் காட்டவேண்டுமென்ற ஆசை 1810இலேயே தோன்றிற்று; எனினும் ஒன்பது ஆண்டுகள் அதனை மனத்தில் வைத்திருந்தார்.

1819இலே, பெற்ற பிள்ளையைக் கொடூரமாக அடித்த குற்றத்துக்காக ஒரு தாய் அச்சிறையில் அடைக்கப்பட்டாள். அவளைப் பார்க்க அனுமதி கேட்டார் சாரா. மறுத்துவிட்டனர். மீண்டுங் கேட்டார், கிடைத்தது. அத்தகையவளிடம் போய் எதைப் பேசுவது என்று நாமாயின் தயங்கியிருப்போம். சாரா தாம் வந்த நோக்கத்தைச் சொன்னதும், அத்தாய் கண்ணீர் விட்டு நன்றி கூறினாள்.

வாசிப்பு எழுத்துப் பயிற்சியாக வளர்ந்தது. அதற்கு நேரம் வேண்டுமே! வாரத்தில் ஒரு நாட் கூலியை இழந்து அந்நாளைச் சிறைக்குக் கொடுத்தார். வளர்ந்த ஆண்மக்களை அரிச்சுவடியின் முன் இருத்துவது எத்துணைச் சிரமம் என்பது ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு ஓரளவு தெரியும். ஞாயிறு வழிபாடு நடத்தவும் அங்கு எவருமிலர். அதனையும் அவரே நடத்தினார். முதலிற் பிறர் எழுதிய பிரசங்கங்களை வாசித்தார். 1832 முதல் தாமே எழுதினார்.

ஆயினும் எம்மை மிகவுங் கவர்ந்தது, அவர் கைதிகளின் கைகளுக்கு வேலை கொடுத்தமையே. அன்பர் இருவர் தந்த ஒன்றரைப் பவுணை முதலாகக் கொண்டு துணி வாங்கினார். பெண்கள் குழந்தைச் சட்டைகளும், ஆண்கள் வைக்கோற் தொப்பிகளும் எலும்புக் கரண்டிகளுஞ் செய்தனர். அம்முதல் ஏழு கினியாக உயர்ந்தது. காலப்போக்கில் 400 பவுணுக்கு மேற்பட்ட பொருள்கள் விற்பனையாயின. விடுதலையானவர்களையும் அவர் மறக்கவில்லை. அவர்களுக்கெனத் தனிப் பதிவேடு வைத்திருந்தார்.

1826இற் பாட்டியார் இறந்தபோது ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண் வருமானம் இவருக்குக் கிடைத்தது. சிறைவேலை பெருகப் பெருகத் தையல்வேலை குறைந்தது. வறுமை வரும் என்று அறிந்தே அவர் சிறையைத் தெரிந்துகொண்டார். 1835இல் வந்த அரசாங்கச் சிறைப் பரிசோதகர் அவரது வழிபாட்டிற் கலந்துகொண்டு, தமது அறிக்கையில் மனமாரப் பாராட்டினார். பாராட்டு வந்தது; பணம் வரவில்லை.

1841இலே நகரசபை ஆண்டுக்கு 12 பவுண் கொடுக்க முன்வந்தது. சாரா இசையவில்லை. சம்பளம் பெற்றாற் கைதிகள் தம்மையும் உத்தியோகத்தருள் ஒருவராகவே எண்ணுவர் என்று அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது என்றே யாம் கருதுகிறோம். ஆனால், சிறைக்குள் வரவேண்டுமாயின் எங்கள் நிபந்தனைக்கு உடன்படவேண்டும் என்று சொல்லிவிட்டனர் அதிகாரிகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இனாமாக உழைப்பைப் பெற்றவர்களுக்கு, பன்னிரண்டு பவுண் கொடுக்கும்போது வந்த மிடுக்கைப் பாருங்கள்!

அவர் உடன்பட்டார். அப்பணத்தை இரண்டு ஆண்டுகளே பெற்றார். 1843 ஒக்ரோபர் 15ஆந் திகதி காலமானார். கேஸ்ரர் கிராமத்திலே, பாட்டியாரின் அருகில் அடக்கஞ் செய்யப்பட்டார்.