குளிக்கட்டும்... ஈரத்தோடு விடாதீர்கள்!

'கோடை வந்துவிட்டால் எங்கள் நாய் பம்புசெட் தொட்டியே கதி என்று கிடக்கிறது. சாயங்காலம் பிள்ளைகளோடு கடலுக்கும் போய்விடுகிறது. பத்து நாளாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. கிட்டே போனால் வாடை அடிக்கிறது. தண்ணீரில் இறங்குவதையே நிறுத்திவிடலாமா?'

பெரிய முதலியார்சாவடியிலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. சவுக்கும் முந்திரியும் மல்லாட்டையும் விளைகிற, ஒரு பக்கம் கடல் உள்ள அந்தப் பகுதியில் பலருக்கும் இந்தச் சிக்கல் இருக்கும் என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான் வேளாண்மை படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால், இந்த விஷயத்தில் அடிபட்டுப் பாடம் கற்றவன். எங்கள் நிலத்தில் காவலுக்கு ஒரு நாட்டு நாய் இருந்தது. தினமும் தொட்டியில் குதிக்கும். யாரும் துடைத்துவிட மாட்டோம். காதில் வாடை வந்தபோது, ஊர் வழக்கப்படி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன். நாய் விடாமல் தலையை உதறி, காலால் சொறிந்ததில், காது மடல் பணியாரம்போல உப்பிவிட்டது. மடலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். கீறி எடுத்துத் தையல் போட்டார். உயிர் பிழைத்தது; ஆனால், அந்தப் பக்கக் காது பிறகு சரியாகக் கேட்கவில்லை. ராத்திரிக் காவலுக்குக் காதுதானே முக்கியம்? அந்த நாய்க்கு நான் செய்த தீங்கு அது.

எனவே, வாசகிக்கு என் பதில்: குளிப்பதை நிறுத்த வேண்டாம். குளித்த பிறகு ஈரத்தோடு விடுவதை நிறுத்துங்கள்.

காது ஏன் முதலில் கெடுகிறது?

நாயின் காதுத் துளை நம்முடையதுபோல நேராகப் போவதில்லை. 'ட' எழுத்தைப்போல கீழே இறங்கி, பிறகு உள்ளே மடங்குகிறது. உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. மடலும் தொங்கிக்கொண்டிருந்தால் காற்றும் படாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியாகக் காயாத மல்லாட்டையில் பூஞ்சாணம் பிடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோமே!

கடலில் குளித்தால்...

மரக்காணம் உப்பளத்தில் நடப்பதுதான் நாயின் உடம்பிலும் நடக்கிறது. பாத்தியில் தேக்கிய உவர்நீரை வெயில் குடித்துவிடும், உப்பு தங்கிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ரோமத்தில் தங்கும் உப்பும் மணலும் தோலை அரிக்கும். நாய் நக்கும், சொறியும், புண்ணாகும். அதனால், கரையேறியதும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, வயிற்றடி, அக்குள், விரலிடுக்கு எல்லாம் அலசுங்கள். இதற்குச் சோப்பு வேண்டாம்.

கடற்கரைக்குப் போகும்போது குடிக்க நல்ல தண்ணீரும் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி, கழிச்சல் வரும். அதிகம் குடித்தால் வலிப்பும் வரும்.

துடைக்கும் முறை

1. கழுத்துப் பட்டையையோ கயிற்றையோ முதலில் கழற்றிவிடுங்கள். ஈரப் பட்டைக்கு அடியில்தான் பெரும்பாலும் புண் தொடங்கும். பட்டை காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

2. பழைய பருத்தித் துண்டு, வேட்டித் துணி போதும். ரோமத்தை ஒற்றி எடுத்து, வால் அடி, தொடை இடுக்கு, விரலிடுக்கு ஆகியவற்றைத் தனியாகத் துடையுங்கள்.

3. துணியை விரலில் சுற்றி, காதில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும் துடையுங்கள். பஞ்சு சுற்றிய குச்சி, கோழி இறகு எதையும் உள்ளே விடக் கூடாது.

4. காற்றோட்டமான நிழலிலோ இளவெயிலிலோ காயவிடுங்கள். உச்சி வெயிலில் கட்டிப்போடாதீர்கள்.

5. துடைக்கும்போதே உண்ணி, நெருஞ்சி முள், ஒட்டுப்புல் இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணியைக் கையால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து இடுக்கியால் எடுங்கள்.

சோப்புக் குளியல் மாதம் ஒன்றிரண்டு முறை போதும். அதற்கும் நாய்க்கான ஷாம்பு நல்லது. துணி சோப்பும் பாத்திரச் சோப்பும் தோலை வறட்டிவிடும்.

செய்யவே கூடாதவை

உண்ணிக்காக மண்ணெண்ணெய் தடவுவது, பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கலந்து குளிப்பாட்டுவது, மாட்டுக்கு வாங்கியதில் மிச்சமானதை ஊற்றுவது ஆகிய மூன்றும் ஆபத்து. நாய் உடம்பை நக்கும் பிராணி. தடவியது வயிற்றுக்குள் போகும். மருத்துவர் சொன்ன மருந்தை, நாயின் எடைக்கு ஏற்ற அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். பிடரியில் சொட்டுவிடும் மருந்து என்றால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்ட வேண்டாம்.

தெளிப்பான் கழுவிய தண்ணீர் கலந்த குட்டையிலும், பச்சைப் படலம் மிதக்கும் தேங்கிய நீரிலும் நாயை இறங்க விடாதீர்கள். அந்தப் பச்சைப் பாசியில் சில வகை கடும் விஷம்.

வீட்டுக்கும் வரும் நோய்

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் நாய்க்குத் தொற்றும். அந்த நாயின் சிறுநீர் மூலம் நமக்கும் வரும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கிருமி சுலபமாக உள்ளே புகும். தேங்கிய நீரில் புரண்ட நாய் தீனி எடுக்காமல், வாந்தி எடுத்து, கண் மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். இதற்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியோடு இதையும் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: பத்து நாளாகத் தலையை உதறுகிறது, வாடையும் இருக்கிறது என்றால் அது துடைத்துச் சரியாகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. எண்ணெய் ஊற்றாமல், நாளைக்கே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். காது ஆறும்வரை தொட்டியும் கடலும் வேண்டாம். ஆறிய பிறகு தாராளமாகக் குளிக்கட்டும்.

அதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, பழைய துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். நாயோடு குதிக்கிற பிள்ளைகளிடமே துடைக்கிற வேலையையும் ஒப்படையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் அதைச் செய்திருந்தால், எங்கள் நாய்க்கு இரண்டு காதும் கேட்டிருக்கும்.