ஐம்பது சுற்றும் அறுபது சுற்றும்

மலேசியாவின் ரிங்லெட் பள்ளத்தாக்கில் இரவு வேளையில் வண்டியில் செல்பவர்கள், மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாக விளக்கெரிவதைக் கண்டு ஏதோ உற்சவம் போலும் என்று எண்ணக்கூடும். உண்மையில் அது, இரவு நீண்டால் மொட்டுக்கட்டிவிடும் சுபாவமுள்ள சாமந்திச் செடியை, காம்பு நன்கு வளரும்வரை பொறுத்திருக்கச் செய்யும் தோட்டக்காரரின் யுக்தி. இவ்வாறு விளக்கே விவசாயக் கருவியாகிவிட்ட ஊரில், அந்நிய தேசத்திலிருந்து மலிவாக வந்திறங்கும் பழைய டியூப்லைட்டுகளை வாங்கி மாட்டினால் என்ன என்ற ஆசை எழுவதில் அதிசயமில்லை. ஆயினும் மாட்டுமுன் அவற்றின் தகரப்பெட்டிக்குள் இருக்கும் சோக்கின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தாக வேண்டும்.

மலேசியாவில் முன்பு 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டு, 2008 ஜனவரி முதல் 230 வோல்ட் என்று நிர்ணயிக்கப்பட்ட மின்சாரம், வினாடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ், என்ற கணக்கில் ஓடுகிறது. ரிங்லெட் அணைக்கட்டில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கிச் சுழற்றும் யந்திரங்களும் அந்தக் கணக்கிற்கே கட்டுப்பட்டவை. அமெரிக்க வீடுகளிலோ 120 வோல்ட், 60 சுற்று. ஜப்பானின் கதை இன்னும் விசித்திரமானது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய யந்திரத்தையும் ஒஸாகா அமெரிக்க யந்திரத்தையும் வாங்கியதன் பலனாக, 100 வோல்ட் என்பதில் ஒன்றுபட்ட அத்தேசம், கிழக்கே 50 சுற்று, மேற்கே 60 சுற்று என்று இன்றளவும் பிளவுபட்டே நிற்கிறது, ஆகையால் அங்கே பழைய சோக்குகளை இன்ன பகுதிக்கென்று தனித்தனியே செய்தனர்.

வோல்ட் பேதத்தைப் பற்றி எல்லோரும் அஞ்சுவர். சுற்றுப் பேதத்தையோ ஒருவரும் நினைப்பதில்லை, ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. குழலுக்குள் ஒருமுறை மின்பொறி பற்றிக்கொண்டால், கட்டுப்பாடின்றி மின்சாரத்தை மேலும் மேலும் இழுத்துத் தன்னையே அழித்துக்கொள்வது அதன் இயல்பாதலால், இரும்புத் தகடுகளின்மேல் செம்புக் கம்பி சுற்றிய சோக் அதற்குக் கடிவாளமாகிறது. சுற்றின் வேகம் குறைந்தால் அக்கம்பியின் தடையும் அதே விகிதத்தில் குறைகிறது. 60-க்கென்று செய்த சோக்கை 50-இல் ஓட்டினால் தடை ஆறில் ஒரு பங்கு குறைய, மின்னோட்டம் மிகுந்து உஷ்ணம் ஏறுகிறது. இரும்பு தாங்கவேண்டிய காந்தமோ, வோல்ட்டைச் சுற்றால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது: அமெரிக்கச் சோக்கிற்கு அது 2, நம் கம்பியில் நேரே மாட்டினால் 4.6. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 120 ஆக்கினாலும் 2.4 ஆகிறதேயன்றி 2 ஆவதில்லை. ஏனெனில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றை மாற்றாது. விளக்கு எரியத்தான் செய்யும், அதுவே ஏமாற்றுவது. சோக் உறுமும், கொதிக்கும், பழைய அமெரிக்கச் சோக்குகளில் நிரப்பிய தார் உருகிக் கறுப்பாகச் சொட்டவும் கூடும். மலைக்காற்றின் குளிர்ச்சி மூடிய தகரப்பெட்டிக்குள் நுழைந்து அதைக் காப்பாற்றிவிடாது. போதாக்குறைக்கு, 1979-க்கு முற்பட்ட அமெரிக்கச் சோக்குகள் பலவற்றில் பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய் உண்டு. அப்படிச் சொட்டுவதை வெறுங்கையால் தொடலாகாது.

எலெக்ட்ரானிக் சோக் இத்தொல்லைக்கு அப்பாற்பட்டது. வரும் மின்சாரத்தை முதலில் ஒருதிசை மின்சாரமாக்கி, பிறகு தானே வினாடிக்குப் பல்லாயிரம் சுற்றாக மாற்றிக்கொள்வதால், வெளியே ஐம்பதா அறுபதா என்று அது பார்ப்பதில்லை. ஆயினும் அதன் வோல்ட் எல்லைக்குள் 230 அடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே சீட்டில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்’ அடங்கியிருந்தால் தாராளமாக மாட்டுங்கள். இல்லையேல் சோக்கைக் கழற்றிவிட்டு, குழலின் வாட் அளவுக்கேற்ற உள்ளூர்ச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிப்பது வீண்.